மலைநாட்டுத் தோட்டங்களில் மருந்தும் மனித நியாயமும்

கொழும்பிலிருந்து பதுளை செல்லும் புகையிரதத்தில் ஏறி, அட்டன் நிலையத்தில் இறங்கி, டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவை செல்லும் பாதையில் சிறிது தூரம் போனால், இருமருங்கிலும் தேயிலை மலைகள் அடுக்கடுக்காய் எழுந்து நிற்பதைக் காணலாம். உல்லாசப் பிரயாணிகள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் படங்களில் மலை விழுகிறது. கொழுந்துக் கூடை விழுகிறது. சில வேளை லயத்தின் கூரையும் விழுகிறது. தோட்டத்து டிஸ்பென்சரி மாத்திரம் எவர் படத்திலும் விழுவதில்லை. தகரக் கூரையும், சுண்ணாம்பு பூசிய சுவரும், விறாந்தையில் ஒரு நீண்ட வாங்குமாக அது ஒதுங்கி நிற்கிறது.

அத்தகைய வாங்கு ஒன்றில் ஒருநாட் காலை நாம் அமர்ந்திருந்தோம். பெரட்டு கலைந்து, கொழுந்து பறிக்கும் பெண்கள் மலையேறிக்கொண்டிருந்த நேரம். இரண்டு நாட் காய்ச்சலோடு ஓர் இளம் பெண், தலையிற் சாக்கைப் போர்த்தபடி வந்தாள். தோட்ட வைத்திய உதவியாளர் நாடி பார்த்தார், உஷ்ணமானி வைத்துப் பார்த்தார், "இன்றைக்கு ஓய்வு எடு அம்மா, துண்டு எழுதித் தருகிறேன்" என்றார்.

"துண்டு வேணாங்க ஐயா. ரெண்டு மாத்திரை மட்டும் குடுங்க. இன்னைக்கும் மலைக்குப் போகலேன்னா பேர் போயிரும்" என்றாள் அவள்.

"பேர்" என்பது தோட்டத்து மொழியில் ஒருநாட் கூலி. செக்ரோலிற் பெயர் பதிந்தால் நாட்சம்பளம் உண்டு. எடை குறைந்தால் அரைப்பேர். மலைக்குப் போகாவிட்டால் அதுவும் இல்லை. உதவியாளர் சற்று நேரம் தயங்கினார். பின்னர் மாத்திரையைக் கொடுத்தார். அவள் அதை வாயிற் போட்டுக்கொண்டு கூடையோடு மலையேறிவிட்டாள்.

இதிலே பிழை யாருடையது? மருந்து கேட்டவளுடையதா, கொடுத்தவருடையதா, அல்லது நோய்க்கும் கூலிக்கும் இடையே ஒன்றைத் தெரிவு செய்யும்படி அவளை வைத்த ஏற்பாட்டினுடையதா? வைத்திய நீதி என்பது பெரிய நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளில், உறுப்பு மாற்றுச் சிகிச்சையையும் செயற்கைச் சுவாசத்தையும் குறித்து எழும் பிரச்சினை என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். அன்று அந்த வாங்கில் இருந்தபோது அவ்வெண்ணம் நம்மை விட்டு அகன்றது.

திருவள்ளுவர் மருந்துக்கென ஓர் அதிகாரம் வகுத்து, அதன் முடிவில் மருத்துவத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்துக் காட்டுகிறார். நோயுற்றவர் ஒருவர், நோய் தீர்ப்பவர் ஒருவர், மருந்து ஒன்று, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர் ஒருவர். நான்கில் ஒன்று குறைந்தாலும் மருத்துவம் முழுமை பெறாது என்பது அதன் கருத்து. மலைநாட்டு வைத்தியத்தையும் இந்த நான்கின் வழியே நோக்குவோம். அதற்குமுன் சிறிது பழங்கதை கூற வேண்டியிருக்கிறது.

வந்த வழியும் வைத்தியச் சட்டமும்

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாக வந்தார்கள். வழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பட்டினியாலும் மடிந்தவர் ஏராளம். 1869இல் கோப்பிச் செடியை இலைநோய் பற்றிய பின்னர், 1867இலேயே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்தூரத் தோட்டத்தில் பயிரிட்டிருந்த தேயிலை மலைநாடெங்கும் பரவியது. செடி மாறியது, தொழிலாளர் வந்த வழியும் வாழ்ந்த லயமும் அவ்வளவு விரைவாக மாறவில்லை.

தொழிலாளர் சாவு அதிகரிக்கவே அரசாங்கம் 1872இல் தோட்டங்களின் வைத்தியத் தேவைகளுக்கென முதலாவது சட்டத்தை இயற்றியது. 1912இல் அது விரிவாக்கப்பட்டு, வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் என நிலைபெற்றது. லயங்களைச் சுத்தமாக வைத்திருப்பது, நோயாளரை அறிந்து உதவி செய்வது, ஒரு வயது நிறையாத குழந்தைகளுக்குத் தக்க பராமரிப்புக் கிடைக்கச் செய்வது, பிள்ளை பெற்ற தாய்க்கு ஒரு மாத காலம் உணவும் உறைவிடமும் அளிப்பது ஆகிய யாவும் அச்சட்டப்படி தோட்டத் துரையின் கடமைகளாயின.

அக்காலத்தில் இஃது ஒரு முன்னேற்றமே. கிராமத்து ஏழைக்கு அத்தகைய சட்டம் எதுவும் அப்போது இருக்கவில்லை. எனினும் சட்டத்தின் உள்ளே ஒரு விதை இருந்தது. தொழிலாளியின் உடலுக்குப் பொறுப்பானவர் யார் என்ற கேள்விக்கு, "அவன் உழைப்பை வாங்குபவரே" என்று சட்டம் விடையளித்துவிட்டது. வேலை கொடுப்பவரே வைத்தியமும் கொடுப்பவர் ஆனார். நாம் இன்று காணும் சிக்கல்களிற் பல அந்த விதையிலிருந்து முளைத்தவை.

ஓர் உதாரணம் கூறுவோம். 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினார்கள். வெறுங்காலோடு நடப்பவரின் பாதத்தோல் வழியே உட்புகுந்து, குடலிற் பற்றி, இரத்தத்தை உறிஞ்சும் புழு அது. புழுவைக் கொல்லும் மருந்து எளிதிற் கொடுக்கப்பட்டது. மலசலகூடம் கட்டுவதோ எளிதில் நடைபெறவில்லை. அதற்குச் செலவு அதிகம் என்று தோட்டத் துரைமாரிற் பலர் முகஞ்சுளித்தனர். மருந்துண்டவர் மீண்டும் அதே மண்ணை மிதித்தார். மீண்டும் புழு ஏறிற்று. மருந்தை மட்டும் கொடுத்து, நோய் வரும் வழியை அடைக்காமல் விட்டால் பயன் யாது என்பதை மலைநாடு நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டது.

நோயுற்றவர்: சம்மதம் என்பது யாது?

நோயுற்றவரின் முதலாவது உரிமை, தன் உடலுக்கு என்ன செய்யப்படுகிறது என்பதை அறிந்து, வேண்டும் அல்லது வேண்டாம் என்று சொல்வதாகும். இரண்டாம் உலக யுத்தத்தின்பின், சிறை முகாம்களில் மனிதரை வைத்துப் பரிசோதனை நடத்திய வைத்தியர்களை விசாரித்த நூரம்பேர்க் நீதிமன்றம், 1947இல் வகுத்த விதிகளில் முதலாவதாக வைத்தது இதனையே. தானாக விரும்பி அளிக்கும் சம்மதம் இல்லாமல் எவர்மீதும் பரிசோதனை நடத்தலாகாது என்பது அதன் சாரம். பிற்காலத்திற் சிகிச்சைகளுக்கும் இந்நெறி பொதுவாயிற்று.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு மலைநாட்டுக் குடும்பக் கட்டுப்பாட்டு வரலாற்றை நோக்குவோம். 1980இல் இலங்கை அரசாங்கம், கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்வோருக்கு 100 ரூபா வழங்கத் தொடங்கி, அவ்வாண்டிலேயே அதை 500 ரூபாவாக உயர்த்தியது. திட்டம் நாடு முழுவதற்கும் உரியது. ஆனால் அன்றாடக் கூலியில் வாழும் தோட்டப் பெண்ணுக்கு அந்த 500 ரூபா, மாதச் சம்பளம் பெறும் ஒருவருக்குத் தோன்றுவதைப்போலத் தோன்றியிருக்க முடியாது. பின்னர் 2006-07இல் நடந்த மக்கள்தொகை சுகாதார ஆய்வு, கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட மணமான பெண்களின் வீதம் தோட்டப் பகுதியில் நாட்டின் சராசரியைப்போல் இரு மடங்குக்கும் மேலாக இருந்ததைக் காட்டியது. மாத்திரை, ஊசி போன்ற தற்காலிக முறைகளைக் கையாண்டவர் அங்கே குறைவு.

இச்சத்திரசிகிச்சையே தீது என்று நாம் கூற வரவில்லை. ஐந்தாறு பிள்ளைகளைப் பெற்று இரத்தம் வற்றிய பல தாய்மார், தாமே விரும்பி அதைச் செய்துகொண்டு நன்மையடைந்தனர். நாம் கேட்பது வேறு. மற்ற முறைகளும் உண்டென அவளுக்குச் சொல்லப்பட்டதா? இது திரும்பப்பெற இயலாதது என்பது அவளுக்கு விளங்கிற்றா? கையொப்பமிட்ட காகிதம் அவள் வாசிக்கக்கூடிய மொழியில் இருந்ததா? கேட்டவர் தோட்ட நிருவாகத்தைச் சேர்ந்தவராயிருக்கும்போது, "வேண்டாம்" என்று சொல்லும் துணிவு அவளுக்கு இருந்ததா? அயல்நாடான இந்தியாவில் 1976-77ஆம் ஆண்டில், அவசரகாலச் சட்டத்தின் நிழலில், 80 இலட்சத்துக்கும் அதிகமானோர் கருத்தடைக்கு உட்படுத்தப்பட்டனர். அதிகாரம் எண்ணிக்கையைக் குறிக்கோளாக வைத்துவிட்டால் சம்மதம் என்ற சொல் எவ்வாறு பொருளிழக்கும் என்பதற்கு அது பெரிய சாட்சி.

சட்டமும் இவ்விஷயத்தில் நெடுங்காலம் ஒருபக்கம் சாய்ந்தே இருந்தது. 1939ஆம் ஆண்டு மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்கீழ், இரண்டு பிள்ளைகளுக்கு மேற்பட்ட பேற்றுக்கு விடுமுறை பாதியாகக் குறைக்கப்பட்டிருந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே எல்லாப் பேற்றுக்கும் 84 நாட்கள் என்ற சமநிலை பிறந்தது. மூன்றாம் குழந்தையைப் பெற்றவளுக்கும் உடம்பு நோவு ஒன்றுதான் என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்ள நெடுங்காலம் சென்றது!

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆயினும் ஆஸ்பத்திரிப் படிவமும் மருந்துப் பையின் குறிப்பும் தமிழில் இல்லாமையை மலைநாட்டுத் தாய்மார் இன்றும் முறையிடுகிறார்கள். வலி எங்கே, எத்தனை நாளாய், எவ்வாறு என்பதை ஒருவர் தம் தாய்மொழியில் அன்றி வேறெதிலும் சரிவரச் சொல்ல இயலாது. பத்து வயதுப் பிள்ளையைத் துணைக்கு அழைத்துப்போய், தன் அந்தரங்க நோயை அப்பிள்ளையின் வாயால் வைத்தியருக்குச் சொல்லவைக்கும் தாயின் நிலையை வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நோய் தீர்ப்பவர்: இரண்டு எசமானர்கள்

தோட்டத்தில் "டாக்டர் ஐயா" என்று அழைக்கப்படுபவர் பெரும்பாலும் வைத்தியக் கல்லூரியிற் பட்டம் பெற்றவர் அல்லர். தோட்ட வைத்திய உதவியாளர் என்பதே அவர் பதவி. அனுபவத்தால் பல நோய்களை அறிந்தவர். நள்ளிரவில் லயத்துக் கதவைத் தட்டினால் லாந்தரோடு எழுந்து வருபவர். பிள்ளைப் பேற்றிலும் பாம்புக்கடியிலும் எத்தனையோ உயிர்களைக் காத்தவர். அவருள் நல்லவர் பலரை நாம் அறிவோம்.

ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்? தோட்ட நிருவாகம். தொழிலாளி வேலைக்குத் தகுதியற்றவன் என்று எழுத வேண்டியவர் யார்? அவரே. கொழுந்து கொழிக்கும் மாதத்தில், ஆள் போதாத நாளில், இருபது பேருக்கு ஓய்வுத் துண்டு எழுதினால் அவரைக் கேள்வி கேட்பவர் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1948இல் உலக வைத்தியச் சங்கம் ஜெனீவாவில் வகுத்த உறுதிமொழி, நோயாளியின் நலமே வைத்தியரின் முதற் கவனம் என்கிறது. தோட்டத்து உதவியாளரை நாம் இரண்டு எசமானர்களுக்கு இடையில் நிறுத்திவிட்டு, அந்த உறுதிமொழிப்படி நடக்கச் சொல்கிறோம். படைவீரர்க்கும் சிறைக்கைதிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பணிபுரியும் வைத்தியர்களுக்கும் இதே தர்மசங்கடம் உண்டு என்பதை உலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. தனிமனிதரின் நற்குணத்தை நம்பி இதைத் தீர்க்க முடியாது. வைத்தியரின் சம்பளம் வேலை கொடுப்பவரின் கையிலிருந்து வராதபடி செய்வதே அதற்கு வழி.

மருந்து: தூரமும் காலமும்

இலங்கையின் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 1951 முதல் இலவசமாகவே வைத்தியம் அளிக்கப்பட்டு வருகிறது. வருமானம் குறைந்த நாடுகளுள் இது பெருமைக்குரிய சாதனை. ஆனால் இலவச மருந்துக்குப் பாதைச் செலவு உண்டு. உச்சித் தோட்டத்து லயத்திலிருந்து அட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ போக வேண்டுமானால், முச்சக்கரவண்டிக்குக் கொடுப்பது ஒருநாட் கூலியை விழுங்கிவிடும். அன்றைய பேரும் போய்விடும். இலவச வைத்தியம் இவ்வாறு இரண்டு நாட் கூலிக்கு விலைபோகிறது.

பாதைகள் ஏன் அவ்வாறு கிடக்கின்றன? பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபைகள் பணம் செலவிடுவதை நெடுங்காலம் தடுத்து வைத்திருந்தது. வாக்களிக்கலாம், ஆனால் வாக்குப் பெற்ற சபையால் லயத்துப் பாதைக்கு ஒரு கூடை கல் போட முடியாது. 2018இலேயே அத்தடை நீக்கப்பட்டது. குளவி கொட்டிய பெண்ணைக் கொழுந்து லொறியில் ஏற்றிக் குண்டுங்குழியுமான வழியே கொண்டுபோகும் காட்சி மலைநாட்டாருக்குப் புதிதன்று. குளவி நஞ்சு சிலரது உடலில் சில நிமிடங்களிலேயே மூச்சை அடைத்துவிடும். அத்தகையோருக்கு உடனே செலுத்த வேண்டிய ஊசிமருந்து பன்னிரண்டு மைல் தொலைவில் இருந்து பயனில்லை.

நன்மைகளையும் சொல்ல வேண்டும். டிக்கோயாவில் இந்திய அரசின் உதவியோடு கட்டப்பட்ட 150 கட்டில்களைக் கொண்ட கிளங்கன் ஆதார வைத்தியசாலை 2017 மே மாதத்தில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியாற் திறந்து வைக்கப்பட்டது. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய '1990 சுவசெரிய' இலவச அம்புலன்ஸ் சேவை பின்னர் மற்றைய மாகாணங்களுக்கும் விரிந்தது. ஆயினும் 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது மண்சரிவால் மலைநாட்டுப் பாதைகள் துண்டிக்கப்பட்டதைக் கண்டோம். எத்தனை பெரிய ஆஸ்பத்திரியும் பாதையற்ற நாளில் தொலைதூரத் தீவாகிவிடுகிறது. லயத்துக்கு அருகில் முதலுதவி வேண்டும் என்பது அன்று எல்லோர்க்கும் புலனாயிற்று.

பக்கத்தில் இருப்பவர்

நான்காமவரை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். கர்ப்பிணியைக் கிளினிக்குக்கு அழைத்துப்போகும் மாமியார், பிள்ளை மடுவத்தில் குழந்தையைத் தாலாட்டும் ஆயம்மா, வீடு வீடாகச் சென்று எடை பார்க்கும் மருத்துவமாது, இவர்களே மலைநாட்டு வைத்தியத்தின் கைகால்கள். 1970களின் நடுவில், உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில், தோட்டங்களில் சிசு மரணம் நாட்டின் சராசரியைப் போல் இரு மடங்கைத் தாண்டிற்று. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகிய பின்னர், பிள்ளை மடுவங்கள் சீரமைக்கப்பட்டு, மருத்துவமாதர் நியமிக்கப்பட்டு, தடுப்பூசி லயம் வரை எட்டியதும் அந்த மரணம் வெகுவாகக் குறைந்தது. எந்தப் புது இயந்திரமும் இதைச் செய்யவில்லை. பக்கத்தில் இருந்து பார்க்க ஆள் கிடைத்ததே காரணம்.

எனினும் வேலை முடிந்துவிடவில்லை. 2016ஆம் ஆண்டு மக்கள்தொகை சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 17 வீதம். தோட்டப் பகுதியில் ஏறத்தாழ 32 வீதம். குட்டையான பிள்ளைக்கு மருந்து எழுதித் தர எந்த வைத்தியராலும் இயலாது. தாயின் தட்டில், அவள் உறங்கும் நேரத்தில், குடிநீரில், கூலியில் அதன் மருந்து இருக்கிறது.

குடும்பங்கள் இன்றே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கப்படுகிறது. நம் தாய்மாரோ அதை வெறும் சாயத்தண்ணியோடு விழுங்குகிறார்கள். சோறுண்ட கையோடும் தேநீர் குடிக்கிறார்கள். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்புச் சத்தை உடலிற் சேரவிடாமல் தடுத்துவிடும். மாத்திரைக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விட வேண்டும். தேசிக்காய்ச் சாறோ கொய்யாப் பழமோ உடன் உண்டால் இரும்பு நன்கு சேரும். கிளினிக்கில் தரும் திரிபோஷ மாவை வீட்டில் உள்ள எல்லோருக்கும் பங்கிடாமல் தாய்க்கே விட்டுவைக்க வேண்டும். வெற்றிலையோடு புகையிலை மெல்லும் வழக்கத்தால் வாய்ப்புற்றுநோய் தோட்டங்களில் அதிகம் காணப்படுகிறது. வாயில் ஆறாத வெண்படலமோ புண்ணோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் உடனே காட்ட வேண்டும். ஆரம்பத்திற் கண்டால் அது தீர்க்கத்தக்க நோயே.

பொறுப்பேற்பது யார்?

1992இல் தோட்ட நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன்பின் தோட்டத்து ஆஸ்பத்திரிகளிற் சிலவற்றைச் சுகாதார அமைச்சு படிப்படியாகப் பொறுப்பேற்றது. மற்றவை கம்பனிகளின் கையிலேயே நிற்கின்றன. தோட்டத் தொழிலாளரும் இந்நாட்டின் பிரஜைகள். மற்றப் பிரஜைகளுக்கு வைத்தியம் செய்யும் அரசாங்கமே அவர்களுக்கும் செய்ய வேண்டும் என்பது நியாயமான வாதம். 1948இல் பிரஜாவுரிமையை இழந்து, 1964இன் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கையாற் பங்கிடப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் எஞ்சியோரும் உரிமை பெற்ற ஒரு சமூகம், வைத்தியத்தில் மட்டும் இன்னும் கம்பனிப் பிரஜையாக இருப்பது பொருந்தாது.

எதிர்வாதத்திலும் உண்மை இல்லாமல் இல்லை. தோட்டத்து டிஸ்பென்சரி குறையுடையதே ஆயினும் அருகில் இருந்தது. அரசாங்கம் பொறுப்பேற்கும்போது சிறிய டிஸ்பென்சரி மூடப்பட்டு, பெரிய ஆஸ்பத்திரி தொலைவில் எஞ்சுமானால், நள்ளிரவில் பிள்ளைவலி கண்டவளுக்கு நட்டமே மிஞ்சும். நல்ல வைத்தியம் தூரத்தில், குறை வைத்தியம் பக்கத்தில் என்ற இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யும்படி தொழிலாளியைக் கேட்பது நியாயமன்று. பொறுப்பை அரசாங்கம் ஏற்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு தோட்டத் தொகுதிக்கும் அருகில், தகுதிபெற்ற வைத்தியரோ தாதியோ இருக்கும் ஒரு நிலையம் திறந்த பின்னரே பழையதை மூட வேண்டும். பழைய உதவியாளரின் அனுபவத்தையும் வீணாக்காமல், மேற்பயிற்சி அளித்து அரசாங்கச் சேவையில் இணைத்துக்கொள்ளலாம். கம்பனிகள் தம் பங்குப் பணத்தைச் செலுத்தட்டும். ஆனால் நோய்த் துண்டு எழுதும் பேனா அவர்கள் சம்பளத்தில் இருத்தலாகாது. நோயால் இழக்கும் நாளுக்குச் சம்பளம் வழங்கும் ஏற்பாடும் வேண்டும். அஃதில்லாவிடின் எந்த வைத்தியர் வந்தாலும், "துண்டு வேண்டாம், மாத்திரை மட்டும்" என்ற குரலே கேட்கும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

தமிழ் பேசும் தாதியரும் மருத்துவமாதரும் போதாது என்று எல்லோரும் குறை கூறுகிறோம். அவர்கள் எங்கிருந்து வருவார்கள்? தாதிப் பயிற்சிக்கும் வைத்தியக் கல்விக்கும் உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்திருக்க வேண்டும். மலைநாட்டுத் தமிழ்ப் பாடசாலைகளில் விஞ்ஞானப் பிரிவு உள்ளவை சிலவே. ஆய்வுகூடமும் ஆசிரியரும் நிறைவாக உள்ளவை அவற்றிலும் சில. ஆஸ்பத்திரியின் குறையைத் தீர்க்க விரும்புவோர் பாடசாலையின் ஆய்வுகூடத்திலிருந்தே தொடங்க வேண்டும். பெற்றோரே, பத்தாம் வகுப்பில் கெட்டிக்காரியாய் இருக்கும் மகளைக் கொழும்புக் கடைக்கோ வீட்டு வேலைக்கோ அனுப்புமுன், இன்னும் நான்கு ஆண்டுகள் பொறுங்கள். அவள் வெள்ளுடை உடுத்தித் திரும்பி வரும் நாளில், உங்கள் லயத்து மூதாட்டி தன் நோயைத் தன் மொழியிற் சொல்லுவாள்.

அதுவரை நாம் ஒவ்வொருவரும் பழக வேண்டிய பழக்கம் ஒன்றுண்டு. வைத்தியர் முன் நிற்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்போம்: எனக்கு என்ன நோய்? இந்தச் சிகிச்சை எதற்கு? வேறு வழி உண்டா? கையொப்பமிடுமுன் வாசித்துக் காட்டச் சொல்லுவோம். கிளினிக் அட்டையையும் பரிசோதனைக் காகிதங்களையும் ஒரு கொப்பிக்குள் பத்திரப்படுத்துவோம். நல்ல வைத்தியர் எவரும் இக்கேள்விகளால் கோபம் கொள்ளார். தம் வேலை இலகுவாயிற்றென மகிழ்வார்.

அன்று நாம் வாங்கிலிருந்து எழுந்தபோது வெயில் ஏறியிருந்தது. வைத்திய உதவியாளர் தம் பதிவேட்டில் அந்தப் பெண்ணின் பெயரை எழுதி, எதிரே "காய்ச்சல், மாத்திரை கொடுக்கப்பட்டது" என்று குறித்தார். சிறிது யோசித்துவிட்டு, "மாலையில் பெரட்டுக்களத்தில் அவளைப் பார்த்து விசாரிக்க வேண்டும்" என்று எம்மிடம் சொன்னார். மேலே மலையில், தலைச் சாக்குகளின் வரிசை அசைந்துகொண்டிருந்தது. அவற்றுள் அவளுடையது எது என்பது கீழிருந்து பார்த்த எமக்குத் தெரியவில்லை.